கர்ப்பூரம் காட்டும்போது எல்லாம் எரியணும்

மாதேஸ்வரி ஒசூரில் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், மத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அவள் அம்மா மாரம்மா, "கரண்ட் ஆபீஸ்ல இருக்கறா" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லிவிடுவாள். அதனால் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாதேஸ்வரியால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது. ஒருத்தர் மீட்டர் ஓடவில்லை என்பார். இன்னொருத்தர் கிணற்று மோட்டாருக்கு எழுதிப் போட்டு யுகமாகிறது என்பார். "நான் அந்தக் கரண்ட் இல்லீங்க மாமா" என்று இவள் சொன்னால், "ஏன் கண்ணு, உங்க ஆபீஸ்ல வேற கரண்டு விக்கறாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள்.

மாரம்மாவைக் குறை சொல்லியும் பயனில்லை. மகள் செய்யும் வேலையைப் படித்தவர்களுக்கே ஒரு மூச்சில் விளக்கிச் சொல்ல முடியாது. வண்டிகளில் வேகம் காட்டும் மீட்டர் இருக்கிறதல்லவா, அதற்குள்ளே ஒரு போர்டு இருக்கும். அந்தப் போர்டு சரியாக இருக்கிறதா என்று கம்பெனியில் பரீட்சை வைப்பார்கள். பரீட்சை வைப்பது மனுஷன் இல்லை, ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைச் செய்கிற இடத்தில்தான் மாதேஸ்வரிக்கு வேலை. பெட்டி என்றால் இரும்புச் சட்டம். அதற்குள் அலமாரித் தட்டு மாதிரி வரிசையாகக் காடிகள். ஒவ்வொரு காடியிலும் ஒரு கார்டு செருகலாம். ஒரு கார்டு வோல்டேஜ் அளக்கும், ஒரு கார்டு சிக்னல் அனுப்பும், ரிலே கார்டு என்று ஒன்று 'டிக் டிக்' என்று சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டிருக்கும். எந்த வாடிக்கையாளருக்கு எது வேண்டுமோ அதைச் செருகிக் கொடுத்துவிடலாம். இவை எல்லாவற்றுக்கும் சோறு போடுவது பெட்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் பவர் சப்ளை.

இந்த வேலைக்கு அவள் வந்து சேர்ந்த வழி நேர்வழி இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள், தக்காளி பறித்தவர்கள், மாங்காய்க் காலத்தில் கூழ் பேக்டரிக்கு லாரி ஏறியவர்கள். பள்ளிக்கூடம் முடிந்து கிருஷ்ணகிரியில் பாலிடெக்னிக் சேரப் போன அன்றைக்கு மத்தூர் பஸ் டயர் பஞ்சராகி வழியில் படுத்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது கம்ப்யூட்டருக்கு இடம் தீர்ந்துவிட்டிருந்தது. "எலெக்ட்ரானிக்ஸ் இருக்குது, வேணுமா?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் திரும்பப் போக வேண்டியது தக்காளித் தோட்டத்துக்கு. வேண்டும் என்றாள். தலையெழுத்து என்பதெல்லாம் சில நேரம் பஸ் டயரில்தான் எழுதியிருக்கிறது.

படிப்பு முடிந்ததும் ஒசூரில் பெரிய பேக்டரி ஒன்றில் டிரெயினி. ஆறு பெண்கள் ஒரே அறையில் தங்கி, ஷிப்டுக்கு ஷிப்டு பாயை மாற்றிக்கொண்டு படுத்தார்கள். டிரெயினி காலம் முடிகிற நாளில் பூச்செண்டு கொடுத்து, போட்டோ எடுத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒசூரில் இது எல்லாருக்கும் நடப்பதுதான். நடப்பதுதான் என்பதற்காக வலிக்காமல் போய்விடுமா? அன்றைக்கு அவள் பூச்செண்டை ராயக்கோட்டை ரோட்டுப் பாலத்தடியில் ஒரு மாட்டுக்குப் போட்டுவிட்டு அழுதாள்.

அப்புறம்தான் திம்மராயனின் யூனிட். சிப்காட்டின் பின்பக்கச் சந்தில், தகரக் கூரை போட்ட கூடம். திம்மராயன் பெரிய கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, மேலதிகாரியோடு மோதிக்கொண்டு வெளியே வந்து, சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். மெஷினைத் திட்டக் கன்னடம், ஆட்களைத் திட்டத் தமிழ். கோபக்காரர், ஆனால் கோபத்தை மறுநாளைக்கு மிச்சம் வைக்கத் தெரியாதவர். அவரிடம் மாதேஸ்வரி ஒயர் மேசையில் சேர்ந்தாள். ஒயரை வெட்டுவது, முனையைச் சீவுவது, நுனியில் 'லக்' என்ற உலோக முனையை வைத்து அழுத்துவது, கட்டுக் கட்டுவது. வருஷக்கணக்காக அதுதான். அதற்குள் கல்யாணம் ஆயிற்று. சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் கருப்பசாமி. அவன் பேசும் தமிழ் மாரம்மாவுக்குப் பாதி புரியாது. மீதிப் பாதிக்கு அவளாகவே நல்ல அர்த்தம் வைத்துக்கொள்வாள். மருமகன்கள் விஷயத்தில் இது நல்ல பழக்கம்.

இந்த வருஷம் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு. ஒரே நேரத்தில் நான்கு மீட்டர் போர்டுகளுக்குப் பரீட்சை வைக்கும் பெட்டி வேண்டுமாம். அதுவரை யூனிட்டில் செய்ததெல்லாம் ஒரு போர்டுக்கான சின்னப் பெட்டிகள். திம்மராயன் மாதேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"மாதேசு, இந்தப் பெட்டிக்கு எவ்ளோ பவர் சப்ளை வேணும்னு நீ பாரு. ஒயர் பூரா உன் கையிலதான் போவுது, எது எங்க போவுதுன்னு உனக்குத் தெரியும். இது நல்லபடியா ஓடுச்சின்னா இனிமே வர்ற பெட்டிக்கெல்லாம் நீதான் பாக்கற. ஓடலின்னா, பெங்களூர்லருந்து ஒரு இன்ஜினியர வரச் சொல்லிருக்கறேன், அவரு வருவாரு. நீ உன் மேசைக்குப் போயிரு. வருத்தப்படக் கூடாது, ஆமா."

வருத்தப்படக் கூடாது என்று சொல்லிவிட்டால் வருத்தம் வராதா என்ன. அன்று மாலை அவள் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வீட்டுக்குப் போனாள். அவ்வளவு சந்தோஷம். அதே அளவுக்குப் பயம்.

ஒவ்வொரு கார்டும் எவ்வளவு வாட் தின்னும் என்று பார்த்துக் கூட்டினாள். கூட்டியதற்கு மேல் கால் பங்கு கூடுதலாக வைத்தாள். கல்யாணப் பந்தியில் கால் பங்கு சோறு கூடுதலாக வடிப்பதில்லையா, அந்தக் கணக்கு. அந்த அளவுக்கு ஒரு சப்ளையைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டிக்குப் புரோகிராம் எழுதும் மாதவன் கூட்டலைச் சரிபார்த்தான். திம்மராயனும் பார்த்து, "போதும், தாராளம்" என்றார். மூன்று பேர் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒரே இடத்தைத்தான் பார்த்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டி தயாரானது. வழக்கம்போல ஒவ்வொரு கார்டாகச் செருகி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தார்கள். எல்லாம் பாஸ். எல்லாக் கார்டையும் ஒன்றாக ஓட்டிப் பார்ப்பதற்கென்று யூனிட்டில் தனியாக ஒரு சோதனை கிடையாது. சின்னப் பெட்டிகளுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஆனால் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கர்ப்பூரம் காட்டுவார்கள். கர்ப்பூரம் காட்டும்போது பெட்டியில் உள்ள எல்லா விளக்கும் எரிய வேண்டும், எல்லாக் கார்டும் ஓட வேண்டும் என்பது திம்மராயனின் கண்டிப்பு. தூங்கிக்கொண்டிருக்கும் பொருளுக்குப் பூஜை போட்டால் அது போகிற இடத்திலும் தூங்கும் என்பார். ஆக அந்த யூனிட்டில் ஒரு பெட்டி முழு வேலை செய்கிற ஒரே நேரம் அதன் பூஜை நேரம்தான்.

வெள்ளிக்கிழமை காலை. வாசலில் குட்டி யானை வண்டி பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு நின்றது. பெட்டிக்கு மாலை போட்டாயிற்று. திம்மராயன் தட்டில் கர்ப்பூரம் ஏற்றினார். மாதவன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினான். நான்கு போர்டுக்கான ரிலேக்களும் ஒன்றாக இழுத்தன. வாணலியில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று ஒரு சத்தம். எல்லாரும் முகம் மலர்ந்து கைகூப்பினார்கள். கர்ப்பூரத் தட்டு ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பச்சை விளக்குகள் மொத்தமாக அணைந்தன. மின்விசிறி முனகிக்கொண்டே நின்றுபோனது.

கர்ப்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"ஏனாய்த்து?" என்று திம்மராயன் பெட்டியைப் பார்த்து, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்டார். பெட்டி பதில் சொல்லவில்லை. பின்னாலிருந்து யாரோ, "சகுனம் சரியில்ல" என்று முணுமுணுத்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ராவு காலம் பொறந்துருச்சி. நாமதான் லேட்டு பண்ணிட்டம். பன்னெண்டு தாண்டுனதும் மறுபடி போடலாம். அதுக்குள்ள ஒயரு, பிளக்கு எல்லாம் பாருங்க. நான் மலைக்கோயிலுக்குப் போயி ஒரு தேங்கா ஒடச்சிட்டு வர்றேன்."

அவர் போனதும் மாதேஸ்வரி ஓடிப் போய்க் கூட்டலை மறுபடி போட்டாள். சரியாக இருந்தது. இன்னொரு முறை போட்டாள். அப்போதும் சரியாக இருந்தது. கால் பங்கு மிச்சம் அப்படியே இருந்தது. அப்பாடா, தப்பு என்மேல் இல்லை என்று நினைத்தாள். அந்த நிம்மதியில் ஒரு டீ குடித்தாள். மாதவன் பெட்டிக்குப் பின்னால் குனிந்து பிளக்குகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு தாண்டியதும் இரண்டாம் பூஜை. புது எலுமிச்சம்பழம், புதுக் கர்ப்பூரம். மாதவன் பட்டனைத் தட்டினான். ரிலேக்கள் இழுத்தன, விளக்குகள் எரிந்தன, தட்டு மூன்று சுற்று சுற்றி வந்தது. ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டவில்லை. கைதட்டல். திம்மராயன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னன்ல, ராவு காலம்" என்றார். பெட்டியை நான்கு பேர் தூக்கி வண்டிக்குக் கொண்டுபோனார்கள்.

மாதேஸ்வரி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்தச் சத்தம் சரியில்லை. ஒவ்வொரு ரிலேவுக்கும் ஒயர் போட்டவள் அவள். காலையில் கேட்டது வாணலி நிறையச் சோளம். இப்போது கேட்டது ஒரு கைப்பிடி.

மாதவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "மாதவா, எத்தன ரிலே கார்டு போட்ட?"

அவன் கீழே பார்த்தான். "ரெண்டு போர்டுக்குதான்க்கா. மத்தத புரோகிராம்ல நிறுத்திட்டேன். பூஜ நல்லபடியா முடியட்டும்னுதான். அவரு மூஞ்சிய பாத்தீங்கல்ல காலைல?"

"எல்லாத்தையும் போட்டா நிக்குது, கொறச்சி போட்டா ஓடுதா?"

"ஆமாக்கா. ஆனா எதுக்குன்னு தெரியல. நீங்க போட்ட கணக்கு சரியாத்தான் இருக்குது, நானும் பாத்தேன். அங்க போயி எல்லாத்தையும் ஒண்ணாவா தட்டப் போறாங்க? வுடுங்கக்கா."

நல்ல பையன்தான். முதலாளியின் முகம் வாடக் கூடாது என்று நினைத்தான், அவ்வளவுதான். ஆனால் 'குறைத்துப் போட்டால் ஓடுகிறது' என்ற அந்த ஒரு வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது. அதே ரகத்தில் இன்னொரு சப்ளை மேசையில் இருந்தது. அதைத் திருப்பினாள். பெரிய எழுத்தில் மொத்த வாட். அதைத்தான் மூன்று பேரும் பார்த்தது. அதன் கீழே பொடி எழுத்தில் மூன்று வரிகள். இந்தச் சப்ளை மூன்று விதமான வோல்டேஜ் கொடுக்கும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு. பன்னிரண்டு வோல்ட் வரியின் வரம்பு மொத்தத்தில் சின்னப் பங்குதான். ரிலேக்கள் அத்தனையும் தின்பதோ அந்தப் பன்னிரண்டு வோல்ட்டைத்தான்.

அவளுக்கு ஊர்க் கம்பம் ஞாபகம் வந்தது. கோடையில் அவர்கள் தெருவில் வோல்டேஜ் செத்துப்போகும். கம்பத்தில் மூன்று கம்பி வருகிறது. எந்தக் கம்பியில் கரண்ட் நன்றாக இருக்கிறதோ, மூங்கில் கழியால் கொக்கியைத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள். செய்யக் கூடாதுதான், ஆனால் செய்யாத வீடு இல்லை. ஒரு வீட்டில் விளக்குப் பளிச்சென்று எரிந்தால் அடுத்த வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவனும் மாட்டுவான். தெருவே ஒரு கம்பியில் தொங்கும். கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று பியூஸ் போகும். டிரான்ஸ்பார்மர் பத்தவில்லை, பெரிசாக வை என்று ஊரே லைன்மேனோடு சண்டைக்குப் போகும். அவர் கத்துவார்: "டிரான்ஸ்பார்மரு பத்தும்டா! எல்லாரும் ஒரே கம்பில ஏறுனா அந்தக் கம்பி எப்புடிறா பத்தும்?"

இத்தனை வருஷம் கழித்து, ஒசூர் சிப்காட்டில், தானும் எல்லாக் கொக்கியையும் ஒரே கம்பியில் மாட்டியிருக்கிறோம் என்பது அவளுக்கு விளங்கியது. கூட்டல் சரிதான். கூட்டியதுதான் தப்பு.

வெளியே பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் சப்ளையை மேசையில் திரும்ப வைத்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். பெங்களூர் இன்ஜினியர் வருவார், ஒயர் மேசை காத்திருக்கும். சொல்லாவிட்டால்? மாதவன் சொன்னபடி அங்கே எல்லாவற்றையும் ஒன்றாகத் தட்டாமலே போகலாம். தட்டினாலும் பழியைப் போட வேறு ஏதாவது கிடைக்கும். ராகு காலம் இருக்கவே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் மாலை போட்டுச் சந்தனம் பூசிவிட்டால் எந்தப் பூசணிக்காயையும் மறைத்துவிடலாம் போலிருந்தது. அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

வண்டி ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. ஓடினாள்.

"சார், நிறுத்துங்க! பெட்டிய எறக்கணும்."

திம்மராயன் திரும்பினார். முகம் கறுத்தது. "என்னம்மா பேசற? பூஜ போட்டு ஏத்துன பொருள எறக்கறதாவது! இந்த யூனிட்டுல இதுவரிக்கும் அப்புடி நடந்துருக்கா? வெளாடறயா?"

"தப்பு நடந்துருச்சி சார். நான்தான் பண்ணேன். மொத்தத்த மட்டும் பாத்து சப்ளை எடுத்துட்டேன். பன்னெண்டு வோல்ட் லைன் பத்தாது. எல்லா ரிலேவும் அதுலதான் தொங்குது. ரெண்டாவது பூஜயில பாதி ரிலேதான் ஓடுச்சி."

அவர் மாதவனைப் பார்த்தார். மாதவன் கயிற்றைப் பார்த்தான்.

"பாதி ஓடுனா போதும்னு வெச்சிக்கறம். இப்ப எறக்குனா..." அவர் குரல் இறங்கியது. "கெட்ட சகுனம் மாதேசு. எனக்கு மனசுக்கு ஒப்பல."

அவள் விடாமல் சொன்னாள்: "சார், சகுனம் காலைலயே சொல்லிருச்சி சார். எல்லாம் எரியணும்னு நீங்கதான சொல்லுவீங்க? எரியல. உள்ளத உள்ளபடி சொல்லுச்சி. அத நாமதான் கேக்காம, ராவு காலத்து மேல பழிய போட்டுட்டம்."

குட்டி யானை டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார், கதை கேட்பதற்காக. திம்மராயன் பெட்டியின் மேலிருந்த மாலையைப் பார்த்தார். சகுனத்தை நம்புகிற மனுஷனிடம் சகுனத்தை வைத்தே பேசிவிட்டால் அவர் எங்கே போவார்? தமிழில் ஒரு வசவு, கன்னடத்தில் ஒரு வசவு. முதலாவது மாதவனுக்கு, இரண்டாவது சப்ளைக்கு. அப்புறம், "எறக்குங்கடா" என்றார். மாதேஸ்வரியை ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று வீட்டில் கருப்பசாமியிடம் சொன்னபோது அவன் முழுசாகக் கேட்டுவிட்டு, "நீ சொல்லாம வந்திருந்தா இந்நேரம் சோறு எறங்கியிருக்குமா, ஏளா?" என்றான். அவள் தட்டைப் பார்த்தாள். சோறு பாதி இறங்கியிருந்தது.

மறுநாள் மாதவன், யாரும் சொல்லாமலே, காலை முதல் பஸ்ஸில் பெங்களூர் போனான். அத்திப்பள்ளி நெரிசலில் நின்று நின்று போய், பன்னிரண்டு வோல்ட் மட்டுமே கொடுக்கிற தனிச் சப்ளை ஒன்றை வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிட்டான். அவன் மன்னிப்புக் கேட்ட விதம் அது. ரிலே கார்டுகளில் வெளியிலிருந்து கரண்ட் வாங்கிக்கொள்ள ஒரு வாய் ஏற்கெனவே இருந்தது. இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. மாதேஸ்வரி ரிலேக்களைப் பழைய சப்ளையிலிருந்து பிரித்துப் புதியதில் போட்டாள். சட்டத்தின் அடித்தட்டில் சப்ளையைத் திருகி வைத்து, காற்றுக்கு வழி விட்டாள். மாதவன் ரிலேக்கள் ஒரே மூச்சில் இழுக்காமல் வரிசை வரிசையாக இழுக்கும்படி புரோகிராமை மாற்றினான். ஒரு கொக்கி மாட்டி முடிந்தபின் அடுத்த கொக்கி.

திங்கட்கிழமை ஆர்டர் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒரு அம்மாவே நேரில் வந்துவிட்டார். பெயர் அருணா. சோதனைப் பிரிவின் தலைமை. பெட்டி வரவில்லை என்ற கோபம் காரிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது. திம்மராயன் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமை ஏத்தியாச்சுன்னு போன் பண்ணீங்க. சாயங்காலம் எறக்கிட்டோம்னு போன் பண்றீங்க. அங்க பேக்டரி லைனே காத்துட்டிருக்கு. என்ன நடக்குது சார்?"

திம்மராயன் மாதேஸ்வரியைப் பார்த்துக் கையைக் காட்டினார். "நடந்தத அவங்களே சொல்லுவாங்க."

கழற்றிவிடுகிறாரோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்தாள். கூட்டியதை, கூட்டியதில் எதைப் பார்க்காமல் விட்டாள் என்பதை, கர்ப்பூரம் காட்டும்போது நின்றதை, ஊர்க் கம்பத்துக் கம்பிக் கதையை, எல்லாம் சொன்னாள். கடைசியில், அன்றிலிருந்து மனசை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள்: "மேடம், நாலு போர்டையும் நீங்க ஒண்ணா தட்டுவீங்களா, இல்ல ஒண்ணு ஒண்ணாவா?"

"ஒண்ணாத்தான். ஷிப்டு ஆரம்பத்துல ஒரே பட்டன். அதுக்குத்தானே நாலு போர்டுக்கு பெட்டி கேட்டோம்?" என்றார் அருணா. அப்புறம் அவரே கொஞ்சம் யோசித்தார். கோபம் முகத்தை விட்டு இறங்குவது தெரிந்தது. "நின்னு போயிருந்தாகூடப் பரவால்ல, தெரிஞ்சிருக்கும். நிக்காம, வோல்டேஜ் மட்டும் கொறஞ்சிருந்தா? பெட்டிமேல சந்தேகமே வந்திருக்காது. நல்ல போர்டையெல்லாம் பெயில்னு தூக்கிப் போட்டிருப்போம். போர்டு செய்யற பொண்ணுங்க மேல பழி விழுந்திருக்கும்."

மாதேஸ்வரி அந்தப் பெண்களை நினைத்தாள். டிரெயினிகளாகத்தான் இருப்பார்கள். ஆறு பேர் ஓர் அறையில், ஷிப்டுக்கு ஷிப்டு பாயை மாற்றிக்கொண்டு. அவள் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் பூஜை அருணா முன்னிலையில் நடந்தது. நல்ல நேரம் பார்த்தார்கள், அதில் திம்மராயன் விட்டுக்கொடுக்கவில்லை. கர்ப்பூரத் தட்டை அவர் மாதேஸ்வரியிடம் நீட்டினார். அந்த யூனிட்டில் அதுவரை அவரைத் தவிர யாரும் அந்தத் தட்டைத் தொட்டதில்லை.

"சார், நானா?"

"உன் பெட்டிதான. நீ காட்டு."

ரிலேக்கள் வரிசை வரிசையாக இழுத்தன. வாணலி நிறையச் சோளம், பொறுமையாகப் பொரிந்தது. அவள் தட்டைச் சுற்றினாள். யாரும் கர்ப்பூரத்தைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் பச்சை விளக்குகளில் இருந்தது. தட்டில் கர்ப்பூரம் எரிந்து தீர்ந்தது. விளக்குகள் எரிந்தன. "அணைக்காதீங்க, இருக்கட்டும்" என்றார் திம்மராயன். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அப்போதும் எரிந்துகொண்டிருந்தன. அருணா சப்ளையின் மேல் கையை வைத்துச் சூடு பார்த்தார். தலையசைத்தார். வண்டி கிளம்பியது. இந்த முறை டிரைவர், "வேற ஏதாச்சும் எறக்கணுமா, இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

எல்லாரும் போனபிறகு மாதேஸ்வரி போய் ஒயர் மேசையில் உட்கார்ந்தாள். பெட்டி ஓடிவிட்டது, சரி. ஆனால் முதல் தடவையில் ஓடவில்லையே. பெங்களூர் இன்ஜினியர் எப்போது வருவார் என்று கேட்கவும் பயமாக இருந்தது. கை தன்னால் ஒயரை எடுத்து முனையைச் சீவ ஆரம்பித்தது.

திம்மராயன் வந்தார். ஒரு வரைபடத்தை அவள்முன் விரித்தார். இன்னும் பெரிய பெட்டி. எட்டுப் போர்டு.

"அருணா மேடம் கொடுத்துட்டுப் போனாங்க. இதுக்கு எவ்ளோ சப்ளை வேணும், சொல்லு. மொத்தமா சொல்லாத. கம்பி கம்பியா சொல்லு."

அவள் வரைபடத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அந்த பெங்களூர் இன்ஜினியரு...?"

"அவர வர வேணான்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை என்றால், பெட்டியை இறக்கிய அன்றைக்கு. அதைப் புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்தாள். வரைபடத்தை மேசை முழுக்கப் பரப்பி, நான்கு மூலையிலும் நான்கு கட்டு ஒயரைத் தூக்கி வைத்தாள்.

"கணக்கு அப்பறம் சார். மொதல்ல அவங்களுக்கு போன் போடுங்க. எட்டையும் ஒண்ணா தட்டுவாங்களான்னு கேக்கணும்."